கத்துகிறதாம்

புது வாடகைக் கார் கைக்கு வந்த முதல் வாரம்
ஈசூனில் ஏறிய பள்ளிக்கூடப் பெண்தான் சொன்னாள்:
"அங்கிள், உங்க காரு கத்துது."
எனக்கு ஏர்கான் கேட்டது.
வைப்பர் ரப்பர் தேய்வது கேட்டது.
அவள் சொன்ன கத்தல் மட்டும்
எந்தப் பக்கமும் இல்லை.

செம்பவாங் கப்பல் பட்டறையில் பதினோரு வருஷம்
எண்ணெய்த் தொட்டிக்குள் குனிந்து துரு கொத்தினேன்.
காதுக்குப் பஞ்சு, அவ்வளவுதான்.
மெல்லிசான ஒலிகளையும் அங்கேயே
துருவோடு கொத்திப் போட்டுவிட்டேன் போல.
கொசு வந்தால்
கடித்த பிறகுதான் தெரியும் எனக்கு.

வருஷாந்தரச் சோதனையில் டாக்டர்
கண்ணுக்கு விளக்கடித்தார், கையில் பட்டை கட்டினார்,
முதுகுக்குப் பின்னால் நின்று ஏதோ முணுமுணுத்தார்.
"யெஸ்" என்றேன்.
பொருத்தமான பதில்தான் போலிருக்கிறது,
முத்திரை விழுந்தது.

கம்பெனிப் பையன் ஃபைசால் பத்து நிமிஷம் விளக்கினான்:
கோடு தாண்டினால் ஒரு சத்தம்,
முன்வண்டி நெருங்கினால் மூன்று,
கண் சொருகினால் திரையில் காப்பிக் கோப்பை.
காப்பிக் கோப்பை எனக்குப் பிடித்திருந்தது.

காப்பிக்கடையில் எங்கள் வயசுக்காரர்கள்
இதைப் பற்றியேதான் பேசுகிறார்கள்.
ஆ செங் கேமராக் கண்ணில் பிளாஸ்திரி ஒட்டிவிட்டான்.
ரொஸ்லி அது வாயே திறக்காதபடி
ஊர்ந்து ஊர்ந்து ஓட்டி
இரண்டு விமான நிலையச் சவாரியை இழந்தான்.
மரியசூசை அதோடு மல்லுக்கு நிற்கிறான்,
"பாத்துட்டேன்டா, எனக்கும் கண்ணு இருக்குடா" என்று
சிக்னலுக்குச் சிக்னல்.
சண்டை போடக்கூட
எனக்கு ஒரு குரல் கிடைக்கவில்லை.

திங்கள், புதன், வெள்ளி
தோ பாயோ டயாலிசிஸுக்கு மிஸ்டர் ஓங்.
அவருக்குத் தமிழ் தெரியாது,
எனக்கு ஹொக்கியனில் நாலு வார்த்தை,
அதில் இரண்டு கெட்ட வார்த்தை.
கார் கத்தினால் என் இருக்கையின் முதுகில்
டொக் டொக் என்று இரண்டு தட்டு.
நான் கோட்டுக்குள் வந்துவிடுவேன்.
மற்றவர்களைக் கண்ணாடியில் படித்துக்கொள்கிறேன்:
போனிலிருந்து தலை நிமிர்ந்தால்
ஏதோ கத்துகிறது என்று அர்த்தம்.

விடிகாலை நாலரைக்கு, தீவு விரைவுச்சாலையில்,
ஆளில்லாமல் ஓட்டும்போது
அது யாரைக் கூப்பிடும்?

போன வெள்ளி நல்ல மழை.
ரத்தம் கழுவிய களைப்பில்
ஓங் வாய் திறந்து தூங்கினார்.
பிரேடல் ரோட்டில், அவர் முகத்தில்
ஏதாவது சேதி இருக்கிறதா என்று
கண்ணாடியைப் பார்த்தேன்.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கார் நின்றது.
நான் மிதிக்கவில்லை.
மிதித்தது யார் கால் என்று
குனிந்து பார்த்தேன், சத்தியமாக.
முன்னால் மழைக்கோட்டுப் பையன் ஒருவன்,
முதுகில் சதுரமான சாப்பாட்டுப் பை,
மிதிவண்டியை மிதித்தபடி போய்க்கொண்டிருந்தான்.
திரும்பிப் பார்க்கவில்லை.
பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.
அது பிரமாதமாகக் கேட்டது.
ஓங் விழித்து,
நேரம் தப்பி,
டொக் டொக்.
"ஓகே, ஓகே" என்றேன்.

அவரை அங் மோ கியோவில் இறக்கிவிட்டு
அடுக்குமாடிக் கார்நிறுத்தத்தில் நாலாவது தளத்தில்
படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
திரையைத் துழாவினேன்.
சத்தத்தைக் கூட்டுவதற்கு ஒன்று, குறைப்பதற்கு ஒன்று,
எனக்கு வேண்டாத மொழிகள் ஒன்பது.
அதற்கும் கீழே, அதிர்வு.
அழுத்தினேன்.

ஸ்டியரிங் நடுங்கியது.
கட்டைவிரல் அடியில்,
கொத்து இயந்திரம் அந்தக் காலத்தில்
நடுங்கிய அதே இடத்தில்.
கை உடனே இறுகிக்கொண்டது,
யாரும் சொல்லித் தராமலே.
இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தேன்.

திங்கட்கிழமை ஓங்கிடம் இதைச் சொல்லவில்லை.
தட்டட்டும்.